மக்காச்சோளமும் மினரல் வாட்டரும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் எழுதிய மரம் நடுவிழாக் கட்டுரையைப் படித்தேன். ஒரு கம்பெனி போன வருஷம் தோண்டிய அதே குழிகளில் இந்த வருஷமும் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்ட கதை. சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் உறுத்தியது. நான் கோவையில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் இப்போது ‘பசுமை நிதி’, ‘இயற்கையில் முதலீடு’ என்று பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கட்டுரையின் கடைசியில் நீங்கள் ‘காசு நுழைந்த காடு உருப்படாது’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். வியாபாரமும் நிதியும் சேர்ந்து இயற்கையைக் காப்பாற்றிய இடம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாதா? நாங்கள் படிப்பதெல்லாம் வெறும் நாடகம்தானா?

பெயர் போட வேண்டாம்.
கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி இப்போது எனக்கே உறுத்துகிறது. குழிக்கதை நான் கண்ணால் பார்த்தது. ஆனால் அதிலிருந்து காட்டுக்குத் தாவியது கோபத்தில் செய்தது. ஒன்றுகூடக் கிடையாதா என்று கேட்டீர்கள். உண்டு. அதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடன் பிரிவில் இருப்பவருக்குப் பிடிக்கும்.

பிரான்சின் வடகிழக்கில் வோஸ்ஜ் பகுதியில் வித்தெல் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஊற்றுநீரைத்தான் ஊர்ப்பெயரிலேயே பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அங்கே ‘இயற்கைக் கனிமநீர்’ என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் சட்டம் மிகக் கறார். நிலத்தடியிலிருந்து எப்படி வருகிறதோ அப்படியே அடைக்க வேண்டும். நைட்ரேட் (உரத்திலிருந்து தண்ணீரில் கரைந்து இறங்கும் உப்பு) கூடிவிட்டது, வடிகட்டிக்கொள்கிறேன் என்றால் அந்தப் பெயரைப் போட முடியாது. வேறு ஊரில் போய்க் கிணறு வெட்டலாம் என்றால் வித்தெல் என்ற பெயரும் போய்விடும்.

1980-களில் ஊற்றில் நைட்ரேட் மெல்ல ஏற ஆரம்பித்தது. காரணம் மேலே இருந்த வயல்கள். தலைமுறை தலைமுறையாகப் புல்வெளியாகக் கிடந்த நிலத்தை உழுது, மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். மக்காச்சோளத்துக்கு உரம் நிறைய வேண்டும். அறுத்த பிறகு குளிர்காலம் முழுக்க மண் வெறுமனே கிடக்கும், மழை உரத்தைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். ஐரோப்பாவில் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட நைட்ரேட் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கம்பெனி தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு 4.5. ஆக, விவசாயிகள் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. அவர்கள்மேல் வழக்குப் போட வழியில்லை.

கம்பெனி பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை அழைத்து வந்தது. 1989-ல் ஆய்வு தொடங்கியது. ஆய்வாளர்கள் முதலில் பார்த்தது மண்ணை மட்டுமல்ல, விவசாயிகளின் கணக்குப் புத்தகத்தையும்தான். ஏன் மக்காச்சோளத்தை விட மறுக்கிறார்கள்? பிடிவாதமா? இல்லை. பல பேர் கடன் வாங்கி நிலம் வாங்கியிருந்தார்கள். தவணை கட்ட வேண்டுமென்றால் மாடு அதிகம் வேண்டும், மாட்டுக்கு மக்காச்சோளம் வேண்டும். நைட்ரேட்டின் வேர் வங்கியில் இருந்தது. நம் ஊரில் கரும்புக்கும் வாழைக்கும் ஆழ்குழாய்க் கிணறு மேல் கிணறு போட்டவர்களிடம் கேட்டாலும் இதே கதைதான் வரும்.

அதனால் கம்பெனி கொடுத்தது வெறும் உதவித்தொகை இல்லை. கடனில் வாங்கிய நிலத்தைத் தானே விலைக்கு எடுத்துக்கொண்டு, கடனைத் தீர்த்து, அதே நிலத்தை உழுதவரிடமே இலவசமாக அனுபவிக்கக் கொடுத்தது. ஒப்பந்தம் 18 ஆண்டுக்கு, அல்லது 30 ஆண்டுக்கு. முறை மாறும் முதல் 5 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக வருஷம் 200 யூரோ. புதுத் தொழுவம், கருவிகளுக்குப் பண்ணைக்கு ஒன்றரை லட்சம் யூரோ வரை. மக்கிய எருவை வயலில் இறைக்கக் கம்பெனி ஆட்களே வந்தார்கள், கூலி இல்லாமல். பதிலுக்கு மக்காச்சோளம் கூடாது, ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கூடாது, ஹெக்டேருக்கு ஒரு மாட்டுக்கு மேல் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ள 1992-ல் அக்ரிவேர் என்று தனி நிறுவனம் தொடங்கி, அந்த ஊர்க்காரர்களோடு வருஷக்கணக்காகப் பேசினார்கள். சுமார் 5,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதி. 2004-க்குள் அங்கே இருந்த 26 பண்ணைகளும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. முதல் 7 ஆண்டுகளில் ஆன செலவு 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல்.

புல்வெளி திரும்பியது. இந்தக் கதை உங்கள் பயிற்சி வகுப்பிலேயே வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

நான் நிறுத்தப் போவதில்லை. அதே வித்தெலில், இன்னும் ஆழத்தில் மணற்பாறை அடுக்கில் வேறொரு நீர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் குடிப்பதும் அதிலிருந்துதான், கம்பெனி ஒரு பகுதியை எடுத்து அடைத்ததும் அதிலிருந்துதான். அதன் மட்டம் ஆண்டாண்டாக இறங்கியது. அதற்கு என்ன திட்டம் வந்தது தெரியுமா? ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவது! எதிர்ப்புக் கிளம்பி, 2019-ல் அதைக் கைவிட்டார்கள். 1992-ல் வித்தெல் கம்பெனி முழுக்க நெஸ்லேயின் கைக்குப் போனது. தன் கனிமநீர் சிலவற்றுக்குத் தடைசெய்யப்பட்ட வடிகட்டல் முறைகளைப் பயன்படுத்தியதாக நெஸ்லே 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அனுமதியில்லாத கிணறுகளையும் சேர்த்து நடந்த விசாரணையை முடித்துக்கொள்ள அதே ஆண்டு 20 லட்சம் யூரோ கட்டச் சம்மதித்தது.

நல்ல கம்பெனி கெட்டுப்போய்விட்டது என்று நான் இதைப் படிக்கவில்லை. நைட்ரேட் ஏறினால் லேபிள் போய்விடும் என்று சட்டம் மிரட்டியது, அதனால் நைட்ரேட் கம்பெனியின் செலவுக் கணக்கில் ஏறியது, கம்பெனி கோடிகளைக் கொட்டிப் புல்வெளியை மீட்டது. ஆழத்து நீர்மட்டம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை, அது இறங்கியது. பணம் கணக்கில் இருப்பதை மட்டுமே காக்கும். கணக்கில் எது ஏறும் என்பதைப் பெரும்பாலும் பணம் தீர்மானிப்பதில்லை.

நியூயார்க்கிலும் இதே சங்கதிதான். மேற்பரப்பு நீரைக் குடிக்கும் ஊர்கள் வடிகட்டியே ஆக வேண்டும், நீர் வரும் பகுதியைச் சுத்தமாகக் காப்பதாகக் காட்டினால் மட்டும் விலக்கு என்று 1989-ல் அமெரிக்காவில் விதி வந்தது. சுத்திகரிப்பு ஆலை கட்ட அறுநூறு கோடி டாலருக்குக் குறையாமல் ஆகும் என்று கணக்கு. அதற்குப் பதில், தண்ணீர் வருகிற கேட்ஸ்கில் மலைப் பகுதியைக் காப்பது மலிவு என்று நகரம் கண்டுகொண்டு, 1997-ல் மலைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டது. விற்க விரும்புகிறவரிடம் மட்டும் நிலம் வாங்குவது, பண்ணைகளின் சாணக்கழிவு ஓடையில் கலக்காமல் தடுக்கும் செலவை ஏற்பது என்று பல ஏற்பாடுகள். நகரத்துக்காரர் கட்டும் தண்ணீர் வரிதான் அந்தப் பணம். விதி வராமல் இருந்தால் நகரம் மலைப்பக்கம் திரும்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒரு இடைச்செருகல். இது நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், ஏரியில் மண் எடுப்பதற்காகச் சபையிடம் பொன்னை முதலாக வைத்திருக்கிறார்கள். முதலைத் தொடாமல் அதன் பொலிசையில், அதாவது வட்டியில், ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும். பசுமை நிதி என்று உங்கள் வகுப்பில் படம் போட்டு விளக்குவது ஏறக்குறைய இதுதான். பொன்னை வாங்கிய சபை அதே ஏரித் தண்ணீரில்தான் பயிர் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம் இருந்தும் கெட்டது எங்கே? உங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் கூடலூர். அங்கே காடு வெட்டப்படுவதைத் தாங்காமல் நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த உத்தரவு இந்தியாவில் காடு என்ற சொல்லின் பொருளையே விரித்தது. ஆனால் அதே வழக்கு வளர்ந்து வளர்ந்து, காட்டை வேறு வேலைக்கு எடுப்பவர் அதற்கு விலை கட்ட வேண்டும் என்ற இடத்துக்கு வந்தது. 2008-ல் நிர்ணயித்த விலை ஹெக்டேருக்கு 4.38 லட்சம் ரூபாய் முதல் 10.43 லட்சம் வரை. உச்ச விலையை எடுத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு நாலேகால் லட்சத்துக்குள். அந்தக் காசுக்கு அன்றைக்கு உங்கள் ஊர்ப் புறநகரில் எத்தனை சென்ட் மனை கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2022-ல் விலையைக் கூட்டினார்கள், உச்சம் 15.95 லட்சம். அப்போதும் ஒரு சுரங்கத் திட்டத்தில் இது தூசு.

கட்டிய பணம் காடு வளர்ப்பு நிதிக்குப் போகிறது. அதற்கு 2016-ல் தனிச் சட்டமே வந்தது. ஆயிரக்கணக்கான கோடிகள் சேர்ந்திருக்கின்றன. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே காசு கட்டுகிறவருக்கு அந்தக் காடு வேண்டாம், நிலம்தான் வேண்டும். கட்டி முடித்ததும் அவர் வேலை முடிந்தது. நட்ட கன்று செத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வித்தெலில் நைட்ரேட் ஏறினால் கம்பெனிக்குத் தூக்கம் போய்விடும். பெரிய நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கும் திட்டத்துக்கு ஈடாக எங்கே காடு வளர்க்கப் போகிறார்கள்? ஹரியானாவில். நான் அந்த வரியை எழுதியபோது என் மனதில் இருந்தது இதுதான், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அப்புறம் உங்கள் வங்கி. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, இயற்கைக்கு நேரடியாகக் கேடு செய்யும் வேலைகளுக்குப் போகும் பணம் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் கோடி டாலர். இயற்கையைக் காக்கும், மீட்கும் வேலைகளுக்குப் போவது 20 ஆயிரம் கோடி. முப்பத்தைந்துக்கு ஒன்று. பசுமை நிதிப் பிரிவில் இருப்பவர் அந்த ஒன்றைத்தான் ஒன்றரையாக்கப் பார்க்கிறார். நீங்கள் கடன் பிரிவில் அந்த முப்பத்தைந்தின்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நொய்யல் உங்கள் ஆறு. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனதைப் பார்த்திருப்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலை வந்தால்தான் திறக்கலாம் என்றது. அதன் பிறகுதான் அரசின் வட்டியில்லாக் கடனும் வங்கிக் கடனும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உருப்படியாக ஓடின. வித்தெலில் லேபிள் செய்த வேலையை இங்கே பூட்டு செய்தது.

ஆலை கட்டியாயிற்று. ஆனால் கழிவுநீரைக் கொதிக்கவைத்து உப்பாக்குவதற்கு மின்சாரமும் விறகும் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி நிறுத்திவைத்தால் எவ்வளவு மிச்சம் என்று பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எத்தனை ராத்திரி வருவார்? ஆனால் கடன் கணக்கைப் புதுப்பிக்கப் பட்டறைக்காரர் வருஷாவருஷம் உங்கள் மேஜைக்கு வந்தாக வேண்டும். அப்போது சாயமேற்றிய துணி எத்தனை டன், சுத்திகரிப்பு நிலையத்தின் ஈபி பில் எவ்வளவு, கொதிக்கவைத்து மிஞ்சிய கலவை உப்பு எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓடுகிற ஆலை எது, படத்துக்குக் கட்டிய ஆலை எது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்கள் வங்கியில் ஈபி பில் கேட்கிறார்களா? விசாரித்து எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.