ஜூபிடர் ஏஸ் விளையாட்டுகள்: கேள்வியும் பதிலும்

சின்க்ளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் உருவாக்கத்தில் பங்கெடுத்த ரிச்சர்ட் ஆல்ட்வாசரும் ஸ்டீவன் விக்கர்ஸும் வெளியேறித் தனியாக நிறுவனம் தொடங்கி, 1982-இல் இங்கிலாந்தில் விற்ற கணினி ஜூபிடர் ஏஸ். இசட்80ஏ செயலி, 3.25 மெகாஹெர்ட்ஸ், கறுப்பு வெள்ளைத் திரை, வழக்கமான பேசிக் நிரல்மொழிக்குப் பதிலாக ஃபோர்த் மொழி. ஃபோர்த்தில் கட்டளைகளைச் 'சொற்கள்' என்பார்கள், அவை சேரும் பட்டியல் 'அகராதி'. அடுத்த ஆண்டே நிறுவனம் மூழ்கிவிட்டது. இதற்கான விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே. ஃபோர்த் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் வழக்கமான ஆங்கிலச் சொல்லையே தட்டுங்கள்.

கேள்வி: லோட் முடிந்து 'ஓகே' வந்துவிட்டது. அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. டேப் பழுதா?

பதில்: பழுது இல்லை. ஏஸில் லோட் என்றால் டேப்பில் உள்ள சொற்கள் ஃபோர்த் அகராதியில் சேரும், அவ்வளவுதான், தானாக ஓடாது. விளையாட்டைத் தொடங்கும் சொல்லை நீங்கள்தான் தட்ட வேண்டும். அது தெரியாவிட்டால் விலிஸ்ட் தட்டுங்கள். புதிய சொற்கள் முதலில் வரும். ஃபோர்த்தில் ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன் அதை வரையறுத்திருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் கூப்பிடும் முதன்மைச் சொல் பெரும்பாலும் பட்டியலின் தலையிலேயே இருக்கும்.

சில விளையாட்டுகள் இரண்டு துண்டாக வரும்: முதலில் அகராதி, பிறகு பைட்கள் (நினைவகத்தின் நேரடி நகல்). இரண்டாவதுக்கு லோட் உதவாது. 0 0 பிலோட், அடுத்து கோப்பின் பெயர். அந்த இரண்டு பூஜ்யங்களுக்கு 'சேமித்த அதே முகவரி, அதே நீளம்' என்று பொருள்.

இன்னொன்று: புதிய விளையாட்டை ஏற்றுமுன் கணினியை அணைத்துப் போடுங்கள். பழைய சொற்களுக்கு மேல் ஏற்றினால் புதியவை வேறு முகவரியில் போய் உட்காரும். ஃபோர்த் சொற்கள் அதைத் தாங்கும். நிலையான முகவரியை நம்பி எழுதிய இயந்திர மொழித் துண்டு தாங்காது.

கேள்வி: 'எரர் 10' திரும்பத் திரும்ப வருகிறது. கைபேசியிலிருந்து ஒலிக்கோப்பை ஓடவிடுகிறேன்.

பதில்: 10 என்பது டேப் பிழை. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸ், மோனோவில் வையுங்கள். கைபேசியின் ஈக்வலைசர், ஒலி மேம்பாடு எல்லாவற்றையும் அணையுங்கள், அறிவிப்பு ஒலிகளையும் சேர்த்து. ஒலியளவை உச்சத்தில் வைத்துப் பார்த்து, பிறகு படிப்படியாகக் குறையுங்கள். கோப்பின் பெயர் திரையில் தெரிந்த பிறகு பிழை வந்தால், தலைப்பு சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, பின்வரும் நீண்ட தொகுதியில்தான் சறுக்கல். பெயரே வராவிட்டால் ஒலியளவையும் கம்பியையும் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது வெறும் கணினியா, 16கே நினைவகம் சேர்த்ததா என்று திறக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: 15384 @ யூ. என்று தட்டுங்கள். 16384 வந்தால் வெறும் கணினி, 32768 வந்தால் 16கே. கடைசியில் 'யூ.' அவசியம், வெறும் புள்ளி போட்டால் -32768 என்று காட்டிப் பயமுறுத்தும். சின்க்ளேரின் இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகப் பெட்டியை நேரடியாகச் செருகிவிடாதீர்கள். இணைப்பு முனைகளின் வரிசை வேறு, இடையே அடாப்டர் வேண்டும்.

கேள்வி: டேப் கோப்பை ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரில் (அந்தக் கணினியைப் போல இயங்கும் மென்பொருளில்) திறந்தால் குப்பையாக வருகிறதே?

பதில்: கோப்பின் பின்னொட்டு ஒன்றுதான், உள்ளமைப்பு வேறு. ஸ்பெக்ட்ரம் கோப்பில் தலைப்புத் தொகுதி 19 பைட், அதில் முதல் பைட் கொடி. ஏஸ் கோப்பில் 26 பைட், கொடி பைட் கிடையாது. கோப்பின் முதல் இரண்டு பைட்கள் 26, 0 என்றிருந்தால் ஏஸ். 19, 0 என்றால் ஸ்பெக்ட்ரம். ஏஸ் கோப்புக்கு எய்ட்டிஒன் அல்லது மாமே எமுலேட்டரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு எதிரிக் கப்பல் வரைய வேண்டும். பிளாட் கட்டளையில் புள்ளிகள் செங்கல் செங்கலாக வருகின்றன.

பதில்: பிளாட்டை விட்டுவிடுங்கள். ஏஸில் புள்ளி புள்ளியாக வரையும் திரையே இல்லை. 32 பத்தி, 24 வரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. ஆனால் 128 எழுத்துகளின் வடிவத்தையும் மாற்றலாம், ஏஸ் விளையாட்டுகளின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. எண் 'என்' கொண்ட எழுத்தின் வடிவம் 11264 + 8 × என் முகவரியில் தொடங்குகிறது. மேலிருந்து கீழாக வரிசைக்கு ஒரு பைட். இந்த எட்டையும் எழுத்து 1-இல் (11272 முதல்) 'சி!' (முகவரியில் ஒரு பைட்டை எழுதும் சொல்) கொண்டு போட்டுப் பாருங்கள்: 24, 60, 126, 219, 255, 36, 90, 165. பிறகு 1 எமிட், எழுத்து திரையில் வரும்.

வடிவத்தை இருமத்தில் தட்ட விரும்பினால் 2 பேஸ் சி! கொடுங்கள், முடிந்ததும் டெசிமல். வெறும் '!' வேண்டாம், பேஸ் ஒரே பைட்தான். எழுத்து 13-ஐத் தவிர்த்துவிடுங்கள், எமிட் அதை அடுத்த வரி என்று எடுத்துக்கொள்ளும். 32-ஐ மாற்றினால் திரையின் வெற்றிடம் முழுவதும் மாறும். நட்சத்திர வானத்துக்கு இது மலிவான வழி.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எழுத்து நினைவகத்தில் எழுத முடியும், திரும்பப் படிக்க முடியாது. ஆகவே அங்கிருந்து பிசேவ் செய்தால் (பைட்களை டேப்பில் சேமித்தால்) வடிவங்கள் டேப்பில் ஏறாது. மூலத்தை அகராதிக்குள் வைத்து, அங்கிருந்து நகலெடுங்கள்.

கேள்வி: வெறும் 1கே-யில் விளையாட்டு எழுத முடியுமா? நான்கு வடிவங்கள் போட்டதும் எரர் 1 (நினைவகம் போதவில்லை) வந்துவிட்டது.

பதில்: முடியும், ஆனால் ஒவ்வொரு பைட்டையும் எண்ண வேண்டும். உங்கள் சொற்கள் 15441-இல் தொடங்குகின்றன, நினைவகம் 16383-இல் முடிகிறது. 943 பைட், அதிலேயே அடுக்குகளும் (ஃபோர்த் தன் இடைமதிப்புகளை வைக்கும் இடங்கள்) இருக்க வேண்டும்.

ஒரு வரையறைக்குள் எழுதும் ஒவ்வோர் எண்ணும் 4 பைட் எடுக்கும், அது 0 ஆக இருந்தாலும். எட்டு எண்களை அப்படி எழுதினால் ஒரு வடிவத்துக்கு 32 பைட். கிரியேட் போட்டு 'சி,' மூலம் அடுக்கினால் 8 பைட் போதும். அடைப்புக்குறிக்குள் எழுதும் விளக்கங்களை ஏஸ் தூக்கி எறிவதில்லை, லிஸ்ட் செய்யும்போது காட்டுவதற்காக நினைவகத்திலேயே வைத்திருக்கும், அவற்றை நீக்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பெயரின் நீளத்தோடு 7 பைட் தலைச்சுமை உண்டு. சொல்லைக் கூப்பிட 2 பைட்தான் என்பதால், நீளப் பெயருக்கான செலவு ஒருமுறை மட்டுமே.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆதாயம்: வடிவங்களை அமைக்கும் சொற்களைத் தனிக் கோப்பாக ஏற்றி, ஓட்டி, ஃபர்கெட் மூலம் அகராதியிலிருந்து நீக்கிவிடுங்கள். அகராதி காலியாகும், வடிவங்கள் எழுத்து நினைவகத்தில் அப்படியே இருக்கும். பிறகு விளையாட்டை ஏற்றுங்கள்.

கேள்வி: என் கப்பல் எட்டுப் புள்ளிக்கு ஒரு தாவல் தாவுகிறது. வழுக்கிச் செல்ல வைக்க வழி?

பதில்: இரண்டு புள்ளி நகர்வு என்றால் நான்கு நிலைகள். முதல் நிலைக்கு 1 எழுத்து, மற்ற மூன்றுக்கும் தலா 2, மொத்தம் 7 எழுத்துகள். திசைக்கு ஒரு படம், வெடிப்புக்கு ஒரு படம் என்று பெருக்கினால் 128 சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரே கப்பல் என்றால் 2 எழுத்துகளை மட்டும் ஒதுக்கி, ஒவ்வொரு அசைவிலும் அவற்றின் வடிவத்தையே மாற்றி எழுதுங்கள். 16 பைட் எழுதும் வேலை. கொஞ்சம் வேகம் குறையும். எதிரிக் கூட்டத்துக்கு முதல் வழி, வீரனுக்கு இரண்டாவது என்பது என் பரிந்துரை.

வேகத்தைக் கட்டுப்படுத்த வெற்றுச் சுழற்சி போடாதீர்கள். 15403-இல் உள்ள எண்ணி நொடிக்கு 50 முறை கூடுகிறது. அதை 'சி@' மூலம் எடுத்து, மதிப்பு மாறும்வரை காத்திருங்கள். ஃபாஸ்ட் போட்டால் வேகம் கூடும், ஆனால் அடுக்கு காலியாவது போன்ற சோதனைகள் நின்றுவிடும். பிழையுள்ள நிரல் சொல்லாமல் கொள்ளாமல் கணினியை உறைய வைக்கும். ஸ்லோவில் சுத்தமாக ஓடிய பிறகே ஃபாஸ்ட்.

கேள்வி: நகரும்போதே சுட முடியவில்லை. இன்கீ ஒரு விசையைத்தான் தருகிறது.

பதில்: இன்கீயை விட்டுவிட்டு 'இன்' மூலம் வரிசையை நேரடியாகப் படியுங்கள். 57342 இன் 1 ஆண்ட் என்பது 'பி' விசை, 2 ஆண்ட் என்பது 'ஓ'. விடை 0 என்றால் அழுத்தப்பட்டிருக்கிறது. 'கியூ' 64510-இலும் 'ஏ' 65022-இலும் முதல் பிட்.

ஸ்பெக்ட்ரம் நிரலிலிருந்து எண்களை எடுப்பவர்கள் கீழ்வரிசையில் ஏமாறுவார்கள். ஏஸில் சிம்பல் ஷிஃப்ட் இடது ஓரத்தில் ஷிஃப்டுக்கு அடுத்து இருக்கிறது. அதனால் 65278-இல் வரிசை ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட், இசட், எக்ஸ், சி; 'வி' அடுத்த பாதிக்குப் போய்விடும்.

கேள்வி: பீப் போட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.

பதில்: ஒலியைச் செயலியே உண்டாக்குகிறது, அதனால் நிற்கத்தான் செய்யும். முதல் எண் 8 மைக்ரோநொடிகளில் அலைநேரம். 1,25,000-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும், 440 ஹெர்ட்ஸுக்கு 284. இரண்டாவது மில்லிநொடி. விளையாட்டுக்குள் 5 முதல் 10 போதும்.

கேள்வி: ரேண்டம் எண்ணுக்குக் கட்டளையே இல்லையா?

பதில்: இல்லை, நாமே செய்ய வேண்டும். ஒரு மாறியின் மதிப்பை 31421-ஆல் பெருக்கி 6927 கூட்டித் திரும்ப அதிலேயே வையுங்கள். 65,536 எண்களும் ஒரு சுற்று வந்த பிறகே திரும்பும். வரம்புக்குள் கொண்டுவர மாட் (வகுத்து மீதியை எடுப்பது) வேண்டாம்: கடைசி பிட் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வருவதால் எதிரிகள் இடம் வலம் என்று ஒழுங்காக வருவார்கள். வரம்பை 'யூ*' கொண்டு பெருக்கி, ஸ்வாப் டிராப் செய்து மேல்பாதியை எடுங்கள். தொடக்க மதிப்பை 15403-இலிருந்து எடுக்கலாம்.

கேள்வி: பழைய கணினி கிடைத்தது. திரை முழுக்க ஆச்சரியக்குறி! விளையாட்டும் ஓடுகிறது போலத்தான் இருக்கிறது.

பதில்: அழகான அறிகுறி. வெற்றிடம் 32, ஆச்சரியக்குறி 33; திரை நினைவகத்தின் கடைசி பிட் 1-இல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே 2114 வகைச் சிப்கள் ஆறு. திரைக்கு இரண்டு, எழுத்துக்கு இரண்டு, நிரலுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 4 பிட். உங்களுக்குத் திரை ஜோடியில் கீழ் நான்கு பிட்டுகளின் சிப் போயிருக்கிறது. எழுத்துகள் தாறுமாறாக வெள்ளைப் பின்னணியில் மாறினால் அதே ஜோடியின் மேல் சிப். எழுத்து சரியானதே, ஆனால் எங்கு வந்தாலும் இடது பாதி மட்டும் சிதைந்திருக்கிறது என்றால் எழுத்து ஜோடியின் மேல் சிப். கர்சரே வராவிட்டால் நிரல் ஜோடியில் தொடங்குங்கள். மாற்றும்போது பழைய சிப்பை முழுதாகக் காப்பாற்ற முயலாமல் கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக உருக்கி எடுத்து, 18 கால் சாக்கெட் வையுங்கள். சிப்பைவிடப் பலகையின் தடம்தான் அருமை.