மச்சு பிச்சு டிக்கெட் "என்னிடம் இருக்கிறது" என்கிறார் ஏஜென்ட்: பணம் அனுப்பலாமா?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஜூலையில் பெருவுக்குப் பேக்பேக்கிங் போகிறோம். லிமா, குஸ்கோ, பூனோ என்று பேருந்திலேயே சுற்றுவதாகத் திட்டம். குஸ்கோ பக்கம் 4 நாள் வைத்திருக்கிறோம். இணையத்தில் பார்த்தால், மலைமேல் இருக்கும் இன்கா காலத்துப் பழைய நகரமான மச்சு பிச்சுவுக்கு அந்த நாட்களில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஏஜென்ட் ஒருவர், "என்னிடம் இருக்கிறது, ஆளுக்கு 120 டாலர், இன்றே அனுப்பினால் உறுதி" என்கிறார். இதற்கிடையில் நண்பன் ஒருவன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். என்ன செய்வது?

பதில்: பணம் அனுப்ப வேண்டாம். மச்சு பிச்சுவுக்குப் போகலாம், அதற்கு இந்த ஏஜென்ட் தேவையில்லை.

அந்த டிக்கெட்டில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகும். வாயிலில் பாஸ்போர்ட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வேறொருவர் பெயருக்கு மாற்ற விதியில் இடமில்லை. அப்படியிருக்க, உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக்கூடக் கேட்காத ஒருவர் "என்னிடம் இருக்கிறது" என்றால் எதை வைத்துச் சொல்கிறார்? அடுத்த முறை பேசும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி நுழைவு, எந்த சர்க்யூட் (உள்ளே சுற்றிப் பார்க்கும் பாதை)? பதில் சுற்றி வளைத்து வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இந்த சர்க்யூட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2024 ஜூனிலிருந்து மச்சு பிச்சுவுக்குள் மூன்று சர்க்யூட், அவற்றுக்குள் மொத்தம் பத்து வழித்தடம். ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இன்னொன்றில் நுழைய முடியாது. காலண்டர்களில் பார்க்கிறோமே, மேலிருந்து மொத்த நகரமும் பின்னால் கூர்மையான மலையும் தெரியும் அந்தக் காட்சி, அது முதல் இரண்டு சர்க்யூட்டில்தான் கிடைக்கும். முதல் சர்க்யூட் மேலிருந்து பார்ப்பதோடு சரி, நகரத்துக்குள் இறங்காது. இரண்டாவதில் இரண்டும் உண்டு, அதனால் அதுதான் முதலில் தீரும். மூன்றாவது கீழ்ப்பகுதியோடு போய்விடும், அந்தப் பெரிய காட்சி கிடையாது. ஏஜென்ட் "மச்சு பிச்சு டிக்கெட்" என்று மட்டும் சொல்லி மூன்றாவது சர்க்யூட்டை உங்கள் தலையில் கட்டுவார். மேலே போனபிறகுதான் தெரியும், அங்கே யாரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள்?

ஆகவே முதல் வேலையாக, கலாச்சார அமைச்சகத்தின் 'து பொலேத்தோ' தளத்தில் ஒவ்வொரு வழித்தடமாகத் திறந்து பாருங்கள். "தீர்ந்துவிட்டது" என்று நீங்கள் பார்த்தது இரண்டாவது சர்க்யூட்டுக்கு மட்டுமாக இருக்கலாம். முதல் சர்க்யூட் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு மலையேற்றம் இல்லாத சாதாரண டிக்கெட் 152 சோல், அதாவது 40 டாலருக்குச் சற்று மேல். 120 டாலர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பெயர் போடும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் இனிஷியலை முன்னால் தட்டிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

இணையத்தில் எதுவுமே இல்லையென்றால்? மலையடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் கலியெண்டெஸ் ஊரில் தினமும் 1,000 டிக்கெட் நேரில் விற்கிறார்கள், பெரும்பாலும் மறுநாள் நுழைவுக்கு. திருப்பதி தரிசன டோக்கன் மாதிரிதான். முதலில் வரிசையில் நின்று எண் சீட்டு, பிறகு சொன்ன நேரத்துக்கு வந்து பணம் கட்டி டிக்கெட். நான்கு பேரும் அசல் பாஸ்போர்ட்டோடு நில்லுங்கள். "வரிசையில் எங்கள் ஆள் நிற்பான்" என்பவர்களை நம்பாதீர்கள்.

உலகத்தில் பாதிப் பேர் பார்க்க ஆசைப்படும் இடத்துக்கு இப்படி ஒரு முறையா என்று கோபம் வரும். எனக்கும் வருகிறது. ஆன்லைனில் முழுவதையும் விற்றால், வருகிறவர்கள் அன்றே ரயிலேறிப் போய்விடுவார்கள், எங்கள் விடுதிக்கும் கடைக்கும் என்ன மிச்சம் என்பது அந்த ஊர்க்காரர்கள் கவலை. அதில் நியாயம் உண்டு. அமைச்சகம் அதைத் தீர்க்கும் லட்சணம்தான் சகிக்கவில்லை. 2024 ஜனவரியில் விற்பனையைத் தனியார் தளம் ஒன்றிடம் கொடுத்தார்கள். ஊர் கொதித்து ரயிலே நின்றது, கடைசியில் பின்வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் மலைக்கு ஏறும் பேருந்தை யார் ஓட்டுவது என்ற தகராறில் மறுபடியும் தண்டவாளத்தை மறித்தார்கள், பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்தில்தான் உங்கள் ஏஜென்ட் போன்றவர்கள் பிழைக்கிறார்கள்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நண்பர் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். புதியது கைக்கு வரும்வரை அவருக்கு மட்டும் ஆன்லைனில் எதையும் எடுக்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஏற்கெனவே பழைய எண்ணில் எடுத்தாகிவிட்டதா? பதற வேண்டாம். நம் நாட்டில் பழைய பாஸ்போர்ட்டை மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் பரணில் போடாமல் கையோடு கொண்டுபோகட்டும். புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கும். கிடைத்த அன்றே அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாயிலில் டிக்கெட், பழையது, புதியது, அந்தக் கடைசிப் பக்கம் என நான்கையும் ஒன்றாக நீட்டினால் பேச்சுக்கு இடமிருக்காது. பழைய பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி நாள் கணக்கு. குஸ்கோவில் இறங்கிய அன்றே, ரயில் ஏற வேண்டிய ஊரான ஒயந்தாய்தாம்போவுக்கு வேனில் போய்விடுங்கள், இரண்டு மணி நேரம். குஸ்கோ 3,400 மீட்டர், இது சுமார் 2,800 மீட்டர், மூச்சுக்கும் நல்லது. இரண்டாம் நாள், அன்றைய முதல் ரயிலைப் பிடித்து அகுவாஸ் கலியெண்டெஸ், இறங்கியதும் எண் சீட்டு வரிசை. மூன்றாம் நாள் நுழைவு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நான்காம் நாள். காசு மிச்சம் பிடிக்க இத்ரோஎலெக்ட்ரிகா என்ற நீர்மின் நிலையம் வரை வேனில் போய்த் தண்டவாளம் ஓரமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து போகும் வழியும் உண்டு, உங்கள் வயதில் பிடிக்கும். ஆனால் பிற்பகலில்தான் போய்ச் சேருவீர்கள், ஜூலையில் அதற்குள் எண் சீட்டு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பும்போது அப்படி நடந்து வாருங்கள். பூனோ பேருந்துக்கு மட்டும் ஐந்தாம் நாளுக்கு முந்தைய தேதியில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.