மருத்துவமனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ராஜினாமா கடிதம் வந்த பிறகு "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. இருக்கிறவர்களிடம் "ஏன் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வார்டு இன்சார்ஜாக இருந்த வருடங்களில் எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

போகிறவர் மனம்விட்டுப் பேசுவது அபூர்வம். அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டுமே! "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வார்டில் ஒரே மாதத்தில் மூன்று பேர் போனார்கள். அப்புறம்தான் மீதிப் பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன், ஆளுக்கு 20 நிமிடம். சம்பளப் பேச்சுதான் வரும் என்று நினைத்திருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர் சொன்னார்: "நைட்டில் பேஷன்ட் மோசமானால் சீனியர் சிஸ்டர் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நிற்பாங்க. அந்தத் தைரியத்தில்தான் இருக்கேன்." அந்த இருவரையும் வேறு வேறு ஷிப்டில் போட்டுத்தான் அடுத்த மாத டியூட்டி பட்டியலை எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கே அழித்து எழுதினேன்.

இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள்: "விட்டுப் போய்விடலாம் என்று கடைசியாக எப்போது தோன்றியது?" பாதிப் பேர் டியூட்டி பட்டியலைத்தான் காரணமாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை எந்த ஷிப்ட் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். குழந்தையை யாரிடம் விடுவது? இரண்டு வாரம் முன்னதாகவே பட்டியலை ஒட்ட ஆரம்பித்தோம். பைசா செலவில்லை.

இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்கன் அகாடமி ஆஃப் நர்சிங் ஆட்கள் நிலைத்து நிற்கிற மருத்துவமனைகளைத் தேடிப்போய், அங்கிருந்த செவிலியர்களிடம் பேசியது. 41 மருத்துவமனைகள் தேறின. அவற்றைக் காந்தம் என்ற பொருளில் 'மேக்னட்' என்றார்கள். 1983-இல் அறிக்கை வந்தது. கூட நிற்கும் நர்சிங் தலைமை, போதிய ஆட்கள், வேலையில் சுயமாக முடிவெடுக்கும் உரிமை என்று அதில் வரும் காரணங்கள் பலவும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

கேட்க வேண்டியவர் நேரடி மேற்பார்வையாளர்தான், மனிதவளத் துறையின் படிவம் அல்ல. வருடாந்திர மதிப்பீட்டோடு இதைச் சேர்க்காதீர்கள், வாய் திறக்க மாட்டார்கள். சொன்னதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் கொடுங்கள், "முடியாது, காரணம் இது" என்றாலும் சரி. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் கேட்காததைவிட மோசம். ஆள் பற்றாக்குறையை இந்தப் பேச்சு தீர்க்காது, அதற்கு நிர்வாகத்தோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

முதலில் யாரிடம் பேசுவது என்றால், எப்போதும் குறையே சொல்லாத ஊழியரிடம். எங்கள் வார்டிலிருந்து போன மூன்று பேரும் அப்படிப்பட்டவர்கள்தான்.