48 வோல்ட் பட்டனை அழுத்தலாமா?

கேள்வி: வீட்டிலேயே சின்னதாக ரெக்கார்டிங் செய்கிறேன். இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இரண்டு மைக் இன்புட், இரண்டுக்கும் சேர்த்து ஒரே 48 வோல்ட் பட்டன். ஒன்றில் கண்டென்சர் (வெளியிலிருந்து மின்சாரம் வேண்டிய மைக்), இன்னொன்றில் டைனமிக் (அது வேண்டாத, காயில் உள்ள மைக்). நண்பரிடமிருந்து பழைய ரிப்பன் மைக் ஒன்றும் இரவல் வரப்போகிறது. ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் அந்த 48 வோல்ட், போட்டால் கண்டென்சர் தவிர மற்ற மைக் எல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: டைனமிக் மைக்குக்குப் பயப்படவே வேண்டாம். எக்ஸ்எல்ஆரின் (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்) 2-ஆம் பின், 3-ஆம் பின் இரண்டுக்கும் அந்த 48 வோல்ட் ஒரே அளவில்தான் போகிறது, ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக. திரும்பி வரும் வழி 1-ஆம் பின், அதாவது ஷீல்டு (உள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் செம்பு உறை). டைனமிக் மைக்கின் காயில் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்றால் அதற்குள் கரண்ட் ஓட வழியே இல்லை.

ரிப்பன்தான் கவலைப்பட வேண்டிய ஆள். அதிலும் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். பிளக்கைத் திறந்து பாருங்கள், ஷீல்டின் மெல்லிய செம்பு இழை ஒன்று பிரிந்து வந்து 2-ஆம் பின் சால்டரில் உரசிக்கொண்டிருந்தால் போதும், அந்தப் பக்கம் வோல்டேஜ் பூஜ்யமாகிவிடும், மறுபக்கத்திலிருந்து மைக்கின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கரண்ட் பாயும். பட்டனை அழுத்தும் அந்த நொடியில் ஏற்படும் உதறல் ரிப்பன் வரை போகும். சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினியத் தகடு அது, இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. சில பழைய ரிப்பன் மைக்குகளில் டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப்பை (சுருளின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பு) எர்த்தோடு இணைத்திருப்பார்கள், அதில் கேபிள் சரியாக இருந்தாலும் கரண்ட் ஓடும். உங்கள் இன்டர்ஃபேஸில் பட்டன் ஒன்றுதான் என்பதால் கண்டென்சரையும் இந்த ரிப்பனையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், தனித்தனியாகவே பதிவு செய்யுங்கள். இரவல் பொருள் வேறு! (ஆக்டிவ் ரிப்பன் என்று வருபவை வேறு ரகம், அவற்றுக்கு ஃபாண்டம் பவர் கண்டிப்பாக வேண்டும்.)

பேட்ச் பே (கருவிகளின் இணைப்புகளை ஓரிடத்தில் மாற்றிச் செருகும் பலகை) வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் செருகும் டிஆர்எஸ் பிளக் (ஒரே தண்டில் மூன்று தொடர்பு உள்ளது) உள்ளே நுழையும்போது அதன் முனைகள் ஒரு கணம் தவறான இடங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகும். 48 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே பிளக்கை மாற்றவே கூடாது.

கேள்வி: கண்டென்சர் மைக்கைக் கழற்றும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டப்பென்று பெரிய சத்தம் வருகிறது. எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: 48 வோல்ட் இருக்கும்போதே கழற்றுகிறீர்கள், அதனால்தான். ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் மட்டுமல்ல, ப்ரீஆம்ப்பின் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) இன்புட்டும் அந்த அதிர்ச்சியை வாங்குகிறது. முதலில் கெயினைக் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) குறையுங்கள், மானிட்டரை ம்யூட் செய்யுங்கள், மைக்கைச் செருகுங்கள், அப்புறம் 48 வோல்ட். சில வினாடி விட்டுக் கெயினை ஏற்றலாம். கழற்றும்போது முதலில் கெயின் கீழே, பிறகு 48 வோல்ட் ஆஃப், அரை நிமிடம் பொறுத்துத்தான் கேபிளில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் ஆஃப் செய்த பிறகும் கபாசிட்டர்களில் சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும். யாராவது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், காதை விடப் பெரிய கருவி ஸ்டுடியோவில் எதுவும் இல்லை.

கேள்வி: என் மிக்ஸர் நிஜமாகவே 48 வோல்ட் தருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அது ஏன் 48?

பதில்: கேபிளின் ஒரு முனையை மிக்ஸரில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 1-க்கும் 2-க்கும் நடுவில் பாருங்கள், பிறகு 1-க்கும் 3-க்கும். 44-லிருந்து 52-க்குள் இருந்தால் சரி. 2-க்கும் 3-க்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அங்கே பல வோல்ட் காட்டினால் கேபிளோ மிக்ஸரோ கெட்டிருக்கிறது, சரிசெய்யும்வரை அந்த வழியில் மைக் எதையும் செருகாதீர்கள். எண்ணுக்குக் காரணம் நார்வே வானொலி. 1966-இல் அவர்களுக்காக நாய்மன் நிறுவனம் கேஎம் 84 மைக்கை உருவாக்கியபோது, அந்த ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கனவே இருந்தது, அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள்.