ஜோடியைப் பிரித்துவிட்டார்கள், மகன் மட்டையைத் தொட மறுக்கிறான்

கேள்வி: வணக்கம் சார். என் மகனுக்கு 17 வயது. பேட்மிண்டனில் இரட்டையர் ஆடுகிறான். நான்கு வருடமாக ஒரே பையனோடு ஆடி, மாவட்ட அளவில் இருவருக்கும் நல்ல பெயர். போன மாதம் அகாடமியில் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டார்கள். இவனுக்கு இரண்டு வயது இளைய பையனைப் பார்ட்னராகக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து பயிற்சிக்குப் போகவே மனமில்லை. "ஒற்றையருக்கே போய்விடுகிறேன், யாரையும் நம்பியிருக்க வேண்டாம்" என்கிறான். நானும் ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவன். அதனால் "அப்பா பெயரால் டீமில் இருக்கிறான்" என்ற பேச்சும் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கொரியாவின் கிம் வோன் ஹோ என்றால் அவனுக்கு உயிர். அவர் ஆட்டம் ஒன்று விடாமல் பார்ப்பான். நான் கோச்சிடம் போய்ப் பேசட்டுமா? இரட்டையர் ஆட்டத்துக்கு எதிர்காலம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கோச்சிடம் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் மகனுக்கு உயிரான அந்தக் கொரிய ஆட்டக்காரரைப் பற்றிப் பேச வேண்டும். 2025இல் கிம் வோன் ஹோ குவித்த கோப்பைகளை உங்கள் மகன் பார்த்திருப்பான். அதற்கு முந்தைய ஏழெட்டு வருடங்களையும் அவன் பார்க்க வேண்டும். அவனுக்கு இப்போது நடந்திருப்பது அத்தனையும் அங்கே இருக்கிறது.

கிம் பிறந்தது 1999இல். பதின்ம வயதின் கடைசியில் அவரோடு ஆடவர் இரட்டையரில் ஜோடி சேர்ந்தவர் சோ சுங் ஜே. இடக்கை ஆட்டக்காரர், கிம்மைவிட இரண்டு வயது மூத்தவர். நன்றாக ஆடினார்கள். ஆனாலும் பிரித்துவிட்டார்கள். கொரியாவில் இது அதிசயம் இல்லை. தேசிய அணியின் பயிற்சியாளர்கள் ஜோடிகளைக் கலைத்துக் கலைத்துச் சேர்த்துப் பார்ப்பது அங்கே பல காலமாக நடப்பதுதான்.

பிரிந்த பிறகு சோ எங்கே போனார் என்று பாருங்கள். காங் மின் ஹ்யுக்கோடு ஆடவர் இரட்டையர், சே யு ஜங்கோடு கலப்பு இரட்டையர். 2023 ஆகஸ்டில் கோபன்ஹேகன் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு பிரிவிலும் தங்கம் அவருக்கே. அந்த வருடத்தின் சிறந்த ஆண் ஆட்டக்காரர் விருதையும் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு அவருக்குத்தான் கொடுத்தது. தன்னோடு ஆடிய பையன் வேறொருவரோடு போய் உலகத்தையே வென்று வருவதை கிம் ஓரமாக நின்று பார்க்க வேண்டியிருந்தது. இதைவிடவா உங்கள் மகனுக்கு வலித்துவிடும்?

கிம்முக்கு அந்தக் காலத்தில் பார்ட்னர் சோய் சோல் க்யூ. இந்த ஜோடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் சாத்விக்கும் சிராக்கும் வீழ்த்தியது இவர்களைத்தான். 21-18, 21-16. ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குப் பேட்மிண்டனில் கிடைத்த முதல் தங்கம் என்று நாம் துள்ளிக் குதித்தோம். நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கிம்முக்கு அந்தத் தோல்வி ஒரு பதக்கத்தின் நிறம் மட்டும் இல்லை. கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினால், அல்லது ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம் வாங்கினால்தான் அதிலிருந்து சலுகை. வெள்ளிக்குக் கிடையாது. ஆட்டம் உச்சத்துக்கு வரும் வயதில் ஒன்றரை வருடம் போய்விடும் என்ற கவலையோடுதான் அவர் அந்தக் கோர்ட்டை விட்டு வெளியே வந்திருப்பார்.

அப்புறம் பாரிஸ், 2024. ஆடவர் இரட்டையரில் கிம்முக்கு இடமே இல்லை. கலப்பு இரட்டையரில் மட்டும், ஜோங் நா உன்னோடு. உலகத் தரவரிசையில் 8ஆம் இடம். குழுப் பிரிவில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. தட்டுத்தடுமாறித்தான் காலிறுதிக்கு வந்தார்கள். அங்கே மலேசிய ஜோடியை வென்று அரையிறுதிக்குப் போனால், எதிரே நிற்பது யார்? பழைய பார்ட்னர் சோ சுங் ஜே. கூடவே சே யு ஜங். உலகின் 2ஆம் நிலை ஜோடி. அதற்கு முன் இந்த இரு ஜோடிகளும் மோதிய ஐந்து முறையும் கிம்மின் பக்கம் தோல்விதான்.

அந்த ஆட்டத்தை உங்கள் மகனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். முதல் கேம் 21-16 என்று கிம் ஜோடிக்கு. இரண்டாவது 20-22 என்று கை நழுவியது. மூன்றாவது கேமின் நடுவே கிம்முக்கு உடம்பு தாங்கவில்லை. கோர்ட்டிலேயே வாந்தி. நடுவர் பை கொண்டுவந்து கொடுத்தார், மருத்துவரும் வந்து பார்த்தார். திரும்ப எழுந்து நின்று 23-21 என்று முடித்தார். மொத்தம் 77 நிமிடம்.

இதைப் பையன்கள் வீரக் கதையாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அப்படி எடுக்காதீர்கள். 17 வயதுப் பையன் வாந்தி எடுக்கும் அளவுக்கு ஓடினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே பக்கத்திலேயே மருத்துவர் இருந்தார், அது ஒலிம்பிக் அரையிறுதி. நான் அந்த ஆட்டத்தில் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. கடைசிப் புள்ளிகளில் கிம்மிடம் தெம்பு இல்லை. தன் பாரத்தையும் நா உன் மீது போட வேண்டியதாயிற்று என்றும், அவர்தான் தன்னைத் தேற்றிக் கூட்டிப் போனார் என்றும் ஆட்டத்துக்குப் பிறகு அவரே சொன்னார். நா உன் அவரைவிட ஒரு வயது இளையவர். "யாரையும் நம்பியிருக்க வேண்டாம்" என்று உங்கள் மகன் சொல்கிறானே, அவனுடைய நாயகன் ஒலிம்பிக் பதக்கத்தைத் தொட்டது தன்னைவிடச் சின்னவரை நம்பித்தான்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி இறுதியாட்டத்தில் சீனாவின் ஜெங் ஸி வேய் – ஹுவாங் யா சியோங் ஜோடியிடம் 8-21, 11-21 என்று தோற்றார்கள். வெள்ளிப் பதக்கம். கலப்பு இரட்டையரில் கொரியாவுக்கு 2008 பெய்ஜிங்குக்குப் பிறகு கிடைத்த முதல் பதக்கம் அதுதான். கிம்முக்கு ராணுவச் சலுகையும் கிடைத்தது.

பாரிஸுக்குப் பிறகு மறுபடியும் கலைத்தார்கள். 2025 ஜனவரி மலேசிய ஓப்பனில் கிம்மும் சோவும் பழையபடி ஒரே பக்கம் நின்றார்கள், கோப்பையையும் தூக்கினார்கள். மார்ச்சில் ஆல் இங்கிலாந்து. ஜூனில் இந்தோனேசியா. ஜூலையில் உலகத் தரவரிசையில் முதலிடம், சேர்ந்து ஏழு மாதத்துக்குள். ஆகஸ்டில், அதே பாரிஸ் நகரில் உலக சாம்பியன் பட்டம். செப்டம்பரில் சைனா மாஸ்டர்ஸ் இறுதியில் சாத்விக், சிராக்கையே 21-19, 21-15 என்று வென்றார்கள். டிசம்பரில் ஹாங்சோவில் வேர்ல்ட் டூர் ஃபைனல்ஸ். ஒரே வருடத்தில் மொத்தம் 11 பட்டங்கள்.

பிரியாமலே இருந்திருந்தால் இது முன்னமே நடந்திருக்குமோ என்று உங்கள் மகன் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோ பின்னாலிருந்து இடக்கையால் ஸ்மாஷ் அடிக்க, கிம் நெட்டருகே காத்திருந்து திரும்பி வரும் பந்தை முடிக்கிறார். அடுத்த நொடி இருவரும் இடம் மாறிவிடுகிறார்கள். இடக்கையும் வலக்கையும் சேர்ந்த ஜோடியிடம் எதிராளிக்குப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடிக்காத கைப் பக்கம், பார்த்து அடிக்கலாம் என்றால், அந்தப் பக்கம் எது என்பதே மாறிக்கொண்டிருக்கும். ஆனால் இது அவர்கள் முன்பு சேர்ந்து ஆடிய 2017லும் இருந்ததுதானே? அன்று கிம்மிடம் இல்லாதது, பல வருடம் கலப்பு இரட்டையர் ஆடிக் கிடைத்த பழுத்த கை. கலப்பு இரட்டையரில் ஆண் கோர்ட்டின் பின்பகுதி முழுவதையும் ஓடிக் காக்க வேண்டும், எங்கே அடித்தால் முன்னால் நிற்கும் பார்ட்னருக்கு வேலை சுலபமாகும் என்று ஒவ்வொரு அடியிலும் கணக்குப் போட வேண்டும். ஜோடி மாறி மாறி ஆடியதில் வந்த படிப்பு அது. என் கணிப்பில், ஒரே பார்ட்னரோடு இருந்திருந்தால் அது வந்திருக்காது.

இனி நீங்கள் கொஞ்சம் தயங்கியே எழுதியிருந்த விஷயம், "அப்பா பெயரால்" என்ற பேச்சு. கிம்மின் அம்மா கில் யங் ஆ. 1992 ஒலிம்பிக்கில் மகளிர் இரட்டையர் வெண்கலம், 1995இல் உலக சாம்பியன், 1996 அட்லாண்டாவில் மகளிர் இரட்டையர் வெள்ளி, கலப்பு இரட்டையர் தங்கம். ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் ஆடப்பட்டதே அந்த வருடம்தான் முதல் தடவை. அவரோடு அன்று ஆடிய கிம் டோங் மூன் 2025 ஜனவரியில் கொரிய பேட்மிண்டன் சங்கத் தலைவராகத் தேர்வானார். அன்று இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்ற பார்க் ஜூ போங் 2025 ஏப்ரலில் கொரிய தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். போதாததற்கு, மகன் ஆடிய சாம்சங் நிறுவன அணியை நடத்தியவரும் அம்மாதான். யோசித்துப் பாருங்கள், இந்த மகன் காதில் எவ்வளவு விழுந்திருக்கும்!

பாரிஸ் அரையிறுதியை வென்ற அன்று அவர் பேசியதன் சாரம் இது: இனி நான் கில் யங் ஆவின் மகனாக வாழ வேண்டியதில்லை, அம்மா கிம் வோன் ஹோவின் தாயாக வாழலாம். இதைச் சொல்ல அவருக்கு 25 வயதாயிற்று. உங்கள் மகனுக்கு 17. ஊர்ப் பேச்சை நீங்கள் போய் நிறுத்த முடியாது. அதற்குத் தீனி போடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். கோச்சிடம் போக வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். முன்னாள் மாநில ஆட்டக்காரர் ஒருவர் அகாடமி வாசலில் நின்று "என் மகனுக்குப் பழைய பார்ட்னரையே கொடுங்கள்" என்று கேட்டால், அந்தப் பேச்சு அன்றைக்கே உண்மையாகிவிடும். கோச் சம்மதித்தாலும் கெடுதல்தான். திரும்பக் கிடைத்த பார்ட்னர் அப்பா வாங்கிக் கொடுத்த பார்ட்னராக இருப்பான்.

பேச வேண்டியவன் உங்கள் மகன். பயிற்சி முடிந்தபின் தனியாகப் போய் கோச்சைக் கேட்கட்டும்: "சார், ஏன் மாத்தினீங்க? இந்த ஜோடியில நான் என்ன செய்யணும்?" இந்த இரண்டு கேள்வி போதும். சின்னப் பையனைத் தயார் செய்யும் பொறுப்பை நம்பிக் கொடுத்திருக்கலாம். பழைய ஜோடியில் இருவரும் பின்னாலிருந்தே அடிக்கிறவர்களாக இருந்திருக்கலாம். அல்லது நல்ல காரணமே இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் அவனே கேட்டுத் தெரிந்துகொண்டால் மனதில் புழுங்குவது குறையும். புதுப் பையனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. மூத்தவன் தன்னோடு ஆடப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த 15 வயதுப் பிள்ளைக்கும் தெரியாமலா இருக்கும்? சோவோடு முதலில் ஜோடி சேர்ந்தபோது கிம்மும் அந்தச் சின்னவர் இடத்தில்தான் இருந்தார் என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

இரட்டையருக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். கொரியா இதுவரை ஒலிம்பிக் பேட்மிண்டனில் வாங்கிய ஏழு தங்கங்களில் ஐந்து இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் வந்தவை. ஒற்றையரில் இரண்டுதான், 1996இல் பாங் சூ ஹ்யுன், 2024இல் ஆன் சே யங். இங்கேயும் சாத்விக்கும் சிராக்கும் வந்தபின் இரட்டையரை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒன்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொரியாவில் பள்ளி முடித்த கையோடு நிறுவன அணிகள் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கின்றன. இங்கே அந்த வாய்ப்பு மிகச் சிலருக்குத்தான். ஆகவே ப்ளஸ் டூவை அவன் கோட்டை விடக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் நீங்கள் கறாராகவே இருக்கலாம்.

ஒற்றையருக்குப் போவதில் தப்பே இல்லை, அந்த ஆட்டம் பிடித்துப் போனால். கோபத்தில் போனால் ஆறே மாதத்தில் அதுவும் கசக்கும். இந்த சீசன் முடியும்வரை புதுப் பார்ட்னரோடு ஆடு, அதன்பின் நீ எடுக்கும் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். அதுவரை ஆட்டம் பார்க்கப் போனால் கோச் பக்கத்து நாற்காலி வேண்டாம், பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவனாக எடுத்தாலொழிய ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சின்னப் பையனின் வீட்டாரும் வந்திருந்தால் அவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைச் சாப்பிடவும் கூப்பிடுங்கள்.