குடலில் இருக்கும் வைரஸ்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் காரணமா? ஆன்டிவைரல் எடுத்தால் அண்ணனுக்குச் சரியாகுமா?

உங்கள் அண்ணனுக்கு ஸ்டீராய்டு கேட்கவில்லை, அதனால்தான் ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தேடினார்கள்.

நான் டாக்டர் இல்லை. பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் இந்த நோயோடு ஒன்பது வருஷமாக இருப்பவன். முதல் வருஷம் மூலம் என்று சொல்லிக் களிம்பு தடவியே போனது. அப்புறம் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலமின் மாத்திரை. ஐந்தாம் வருஷம் மார்கழியில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை பேதி, ரத்தத்தோடு. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மா கோடு போட்டு எண்ணுவார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் வாயைத் திறக்காமல் அந்தத் தாளை நீட்டுவார். ஸ்டீராய்டு ஊசி போட்டு ஐந்தாம் நாளும் கோடு குறையவில்லை. பெருங்குடலை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்துவிட்டது.

அப்போது ஒரு இளம் டாக்டர்தான் மறுபடி குழாய் விட்டு, புண்ணிலிருந்து சதை எடுத்து அனுப்பினார். சிஎம்வி என்று வந்தது. சைட்டோமெகலோ வைரஸ். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கும். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது, ஏற்கெனவே வெந்து கிடக்கும் குடலில் தலைதூக்கும். அது புகுந்த செல் ஆந்தைக் கண் மாதிரி இருக்கும் என்று என் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் வரைந்து காட்டினார். கான்சிக்ளோவிர் என்ற ஆன்டிவைரல் மருந்து, இரண்டு வேளையும் நரம்பு வழியாக. அதை எடுக்க நர்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொள்வார், தோலில் படக்கூடாதாம். ஆறாம் நாள் அம்மாவின் தாளில் நாலு கோடு.

இதை வைத்து வைரஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். எனக்கு நோய் முன்பே இருந்தது, சிஎம்வி பிறகு சேர்ந்துகொண்டது.

குடலில் எப்போதுமே வைரஸ்கள் உண்டு. பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ்கள். 2015இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹெர்பர்ட் விர்ஜின் குழு, கிரோன்ஸ் (இதே மாதிரி இன்னொரு குடல் அழற்சி நோய்), கொலைட்டிஸ் நோயாளிகளிடம் இந்தப் பேஜ் வகைகள் கூடியிருப்பதைக் காட்டியது. அவர்களே 2010இல் எலிகளில் பார்த்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஏடிஜி16எல்1 என்ற மரபணுவில் குறை மட்டும் இருந்தபோதும் ஒன்றும் ஆகவில்லை, நோரோ வைரஸ் மட்டும் தொற்றியபோதும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் கிரோன்ஸ் நோயாளிகளிடம் காணும் கோளாறு சிறுகுடல் செல்களில் வந்தது.

ஆன்டிவைரல் விஷயத்துக்கு வருகிறேன். 2016இல் தென் கொரியாவில் எலிகளுக்கு ஆன்டிவைரல் மருந்துகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கொலைட்டிஸ் இன்னும் மோசமானது. 2022இல் பாஸ்டனில் கேட் ஜெஃப்ரி குழு, ஆரோக்கியமான குடலின் வைரஸ்கள் எலியைக் காப்பதையும், நோயாளியின் குடலில் இருந்தவை அழற்சியைத் தூண்டுவதையும் கண்டது. ஆக, எல்லா வைரஸையும் அழிக்க நினைத்தால் காவலுக்கு இருப்பதும் போய்விடும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். எங்களுக்கு இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. வெளியே பார்த்தால் நல்லாத்தானே இருக்கே என்று கேட்கிறார்கள். இதனாலேயே நான் மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை.

சரி, எனக்கு எடுத்த மாதிரி அண்ணனுக்கும் சதை எடுத்து (பயாப்ஸி) அனுப்பியிருந்தால் அதில் சிஎம்வி பார்த்தார்களா, அதற்கென்று தனிச் சாயம் போட்டார்களா என்று நாளைக்கே கேளுங்கள். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே போடுங்கள், நான் பார்க்கிறேன்.