மாட் முல்லன்வெக் கல்லூரியை விட்டது எப்போது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தொடங்கிய மாட் முல்லன்வெக் படிப்பைப் பாதியில் விட்டதால்தான் மேலே வந்தார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் சொந்தமாக ஒன்றைத் தொடங்க ஆசை. பட்டம் வாங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வேர்ட்பிரஸ்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது 2003 மே 27 அன்று. அவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தை விட்டது 2004இல். அரசியல் அறிவியல் படித்துக்கொண்டேதான் அதைச் செய்தார். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பும்போது சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. சொந்த நிறுவனமான ஆட்டோமாட்டிக் அதற்கும் பிறகு, 2005இல்.

அதைவிட முக்கியமாக, அவர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. மிஷெல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற மென்பொருளில்தான் தன் வலைப்பதிவை நடத்தினார். மாதக்கணக்கில் அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை, எழுதியவரையும் காணோம். ஆனால் பி2 ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்துத் திருத்தி வெளியிடலாம். நாமே எடுத்து நடத்தினால் என்ன என்று 2003 ஜனவரியில் பதிவு எழுதினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், தானும் சேர்ந்துகொள்வதாகப் பின்னூட்டம் போட்டார். பிற்பாடு வால்ட்ரிகியே வேர்ட்பிரஸ்ஸை பி2வின் அதிகாரபூர்வக் கிளையாக அறிவித்தார்.

அந்த முதல் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விசைப்பலகையில் தட்டும் நேரான மேற்கோள் குறிகளை அது தானாகவே அச்சுப் புத்தகத்தில் இருக்கும் வளைந்த குறிகளாக மாற்றிவிடும். யாரும் கேட்டு வற்புறுத்தாத வேலை அது. திரையில் எழுத்து அழகாக இருக்கவேண்டும் என்று மனதார நினைப்பவர்தான் அதில் இறங்குவார். (பள்ளியில் சாக்ஸபோன் படித்தவர் என்பதும் நினைவுக்கு வருகிறது. 1.0 பதிப்புக்கு ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பெயரை வைத்தார்கள்.)

2004 மேயில் மூவபிள் டைப் என்ற போட்டி வலைப்பதிவு மென்பொருள் தன் உரிம விதிகளை மாற்றியபோது எரிச்சலடைந்த பதிவர்கள் பலர் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினார்கள். அது அதிர்ஷ்டம்தான். ஆனால் அவர்கள் வந்தபோது வேர்ட்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரியை விடாதீர்கள். பி2 போல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்களில், நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். யாரும் கவனிக்காமல் கிடக்கும் பிழை ஒன்றைச் சரிசெய்து அனுப்புங்கள். பிறகு அடுத்ததை எடுங்கள். அந்த வேலை பெருகி, வகுப்புக்குப் போக நேரமே இல்லை என்ற நிலை வந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது பேசுவோம்.